பட்டால் கை தூக்கணும்

ஞாயிற்றுக்கிழமை விளையாடப் போனால் அவன் திரும்பி வர இருட்டிவிடும். அன்று வெயில் உச்சியில் இருக்கும்போதே வந்து நின்றான். பையை வழக்கமான மூலையில் வைக்கவில்லை, எறிந்தான். ஷூவைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் மனைவி குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு வந்து பார்த்தாள்.

“என்னங்க, அதுக்குள்ள?”

“அனுப்பிட்டாங்க.”

“யாரு? எதுக்கு?”

“நான் ஏமாத்தறேனாம்.”

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. வாரம் முழுக்கக் கம்பிக் கயிற்றுக்கும் கிரீசுக்கும் நடுவில், பாதி மாடியில் மாட்டிக்கொண்டவர்களின் வசவைக் கேட்டுக்கொண்டே பொழுது போகும். ஞாயிறு மட்டும் அவனுடையது. ஊருக்கு வெளியே பாழடைந்து கிடந்த ஒரு கிடங்கில் அவனைப்போல ஒரு கூட்டம் ஏர்சாஃப்ட் விளையாடுகிறது. பார்வைக்கு நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கும் பொம்மைத் துப்பாக்கி. அதிலிருந்து மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் குண்டு பாயும். இரண்டு அணி. குண்டு பட்டவன் அந்த ஆட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

ஆனால் அந்தக் குண்டு பட்ட இடத்தில் சாயமோ கறையோ இருக்காது. பட்டதா இல்லையா என்பது பட்டவனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அதனால் அங்கே ஒரே சட்டம்: பட்டால் அவனே கையைத் தூக்கி “அவுட்” என்று கத்திவிட்டு வெளியே நடக்க வேண்டும். யாரும் கேட்க மாட்டார்கள். பட்டும் கை தூக்காதவனைத் திருடனைவிடக் கேவலமாகப் பார்ப்பார்கள். அந்தப் பட்டத்தைத்தான் அவனுக்குக் கட்டி அனுப்பியிருந்தார்கள்.

“யாரு சொன்னது?”

“தொப்பி.”

தொப்பி எதிரணிக் கேப்டன். மருந்துக் கடை வைத்திருக்கிறார். குளிக்கும்போதாவது தொப்பியைக் கழற்றுவாரா என்று அணியில் பந்தயமே உண்டு.

“‘காலைலேர்ந்து எத்தனை தடவை உன் மூஞ்சில அடிக்கறது, நீ பாட்டுக்குச் செலை மாதிரி நிக்கறே’ங்கறார். எல்லார் முன்னாடியும்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“படலன்னேன். பட்டா எனக்குத் தெரியாதா?”

“அதோட விட வேண்டியதுதானே?”

“விசில் வந்துட்டாரு.”

விசில் என்பவர் நடுவர். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசினாலே விசில் ஊதுகிற மாதிரி இருக்கும். அடுத்த வாரம் வந்து எல்லார் முன்னாலும் தப்பை ஒப்புக்கொண்டால் ஆடலாம், இல்லையென்றால் இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. ஏமாற்றுவதாம். இவனாம். கேரம் ஆடும்போது யாரும் பார்க்காத நேரத்தில் விரல் காயில் உரசிவிட்டால்கூட, “உரசிருச்சு, என் ஆட்டம் போச்சு” என்று தானே சொல்லிவிட்டு ஸ்ட்ரைக்கரைத் தள்ளிவிடுகிற ஆள். “மாமா என் பக்கம் வேண்டவே வேண்டாம், இவர் இருந்தா உருப்பட்ட மாதிரிதான்” என்று அவள் தம்பி ஒவ்வொரு முறையும் கையெடுத்துக் கும்பிடுவான்.

“ஆமா, என் தம்பி உங்க டீம்தானே? அவன் என்ன சொன்னான்?”

அவன் ஷூ லேஸைப் பார்த்தான்.

“ஒண்ணும் சொல்லல.”

உடனே போனை எடுத்தாள். தம்பி டைல்ஸ் கடையில் விற்பனையாளன். தரையைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவான்.

“டேய், உன் மாமாவைத் திருடன்னு சொல்லியிருக்காங்க. நீ வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?”

“அக்கா, அது வந்து...”

“வந்து போயி எல்லாம் வேண்டாம். ஏன்டா பேசல?”

“நானும் பாத்தேன்க்கா.”

“எதைப் பாத்தே?”

“மாமா தாடைல பட்டுச்சு. பட்டு, குண்டு கீழ விழுந்துச்சு. மாமா கண்டுக்கவே இல்ல. நான் எப்படிக்கா படலன்னு சொல்றது? அதான் பேசாம இருந்துட்டேன்.”

“உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுடா. நாளைக்கே போய்க் காட்டு.”

போனைப் படாரென்று மேஜையில் வைத்தாள். அயலான் சொன்னால் அது பேச்சு. கூடப் பிறந்தவனும் சேர்ந்து சொல்கிறான் என்றால் அதற்கு என்ன பெயர்?

இந்த விளையாட்டே முதலிலிருந்து அவளுக்குப் பிடிக்காது. மழைக்காலத்தில் ஒருநாள் வாயைப் பொத்திக்கொண்டு வந்தான். முன்பல்லில் பாதியைக் காணோம். பல் டாக்டர் வேலை முடிந்து வெளியே வந்ததும் அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: “மூஞ்சிய மூடாம இனிமே அந்த வாசலை மிதிச்சீங்கன்னா, வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம்.” கண்ணுக்குக் கண்ணாடி ஏற்கெனவே உண்டு, அதில்லாமல் அங்கே யாரையும் உள்ளே விடுவதில்லை. வாய்க்கும் தாடைக்கும்தான் ஒன்றுமில்லை. கம்பி வலை வைத்த முகமூடி ஒன்றை வாங்கி வந்தான். அதைப் போட்டுக்கொண்டால் துப்பாக்கிக் கட்டையில் கன்னம் பதியவில்லை. கன்னம் பதியாமல் குறி பார்க்க முடியாது. முகமூடியைப் பையிலேயே வைத்துவிட்டு ஆடினான். அவளிடம் மாட்டிக்கொண்டான்.

கடைசியில் அவளே கையில் எடுத்தாள். அவள் வேலை செய்வது கார்களுக்கு சீட் தைக்கிற பட்டறையில். ஸ்கூட்டரில் போகும்போது கழுத்தில் சுற்றிக்கொள்ளும் பெரிய பருத்தி ஸ்கார்ஃப் ஒன்றை இரண்டாக மடித்தாள். நடுவில் சீட்டுக்குப் போடும் ஃபோம். அதற்குப் பின்னால் தடித்த கம்பளித் துண்டு ஒன்று. துப்பாக்கி பதியும் கன்னத்தில் வெறும் துணி மட்டும். வாய்க்கும் தாடைக்கும் நேரே கெட்டியாக. மூச்சு மேலே ஏறிக் கண்ணாடியில் ஆவி படியாதபடி மூக்கடியில் ஒரு மடிப்பு வைத்து, காற்றைக் கீழே இறக்கிவிட்டாள். பின்னால் இரண்டு முடிச்சு. அவன் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். “கொள்ளைக்காரன் மாதிரி இருக்கேன்” என்றான். “பல்லிருக்கற கொள்ளைக்காரன்” என்றாள் அவள்.

அன்றிலிருந்து ஒரு பல்லுக்கும் ஆபத்தில்லை. முகத்தில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. அவளுக்கு அதில் பெருமைதான்.

அவனைத் திருப்பி அனுப்பிய அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் அவள் தைத்த தையல் எல்லாம் கோணல். ஊசி ஒடிந்தது. பக்கத்து மெஷின் அக்கா எட்டிப் பார்த்தாள்.

“சீட்டு என்னடி பண்ணுச்சு உன்னை?”

சொன்னாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“பொம்மைத் துப்பாக்கி வெச்சுக்கிட்டு வளந்த ஆம்பளைங்க போடற சண்டை. இதுக்குப் போயி நீ ஏன் வரிஞ்சு கட்டறே?”

“பொம்மையா இருந்தா என்னக்கா? பேரு நிஜம்தானே?”

அக்கா அதற்குமேல் சிரிக்கவில்லை.

வீட்டில் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. டிவி ஓடும், அவன் சுவரைப் பார்ப்பான். சனிக்கிழமை சாயங்காலம், தான் போகப்போவதில்லை என்றான்.

“போனா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

“போகலைன்னாத்தான் ஒத்துக்கிட்ட மாதிரி. நானும் வரேன்.”

“நீ எதுக்கு?”

“கேக்கறதுக்கு.”

கிடங்கு வாசலில் பழைய டயர்களும் தகர டிரம்களும் குவிந்து கிடந்தன. உள்ளே பலகைத் தடுப்புகள், ஆங்காங்கே ஓட்டை போட்ட சுவர்கள். காலடியில் போன வாரத்து வெள்ளைக் குண்டுகள் மணலாய் நெறிபட்டன. ஆட்கள் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவளைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள். தம்பி ஒரு டிரம்முக்குப் பின்னால் போய் எதையோ தேட ஆரம்பித்தான்.

“இதுல தொப்பி யாரு?” என்றாள். கேட்கவே தேவையில்லை. ஒரே ஆள்தான் தொப்பி போட்டிருந்தார்.

“வாங்கம்மா” என்றார் அவர்.

“வரவேற்பெல்லாம் இருக்கட்டும். என் வீட்டுக்காரர் ஏமாத்தறார்னு சொன்னீங்களாமே?”

“பட்டுது. கை தூக்கல. அதை வேற எப்படிச் சொல்றது?”

“உங்க குறி தப்பியிருக்கும். அதை வேற மாதிரி சொல்லிட்டீங்க.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தொப்பியின் முகம் சிவந்தது.

“நான் இருவது அடியில நின்னுக்கிட்டு தப்புவேனா? அவர் வாய்க்கு நேரா அடிச்சேன்மா.”

“வாய்க்கு நேரா அடிக்கறதைப் பெருமையா வேற சொல்லிக்கறீங்க. பாதிப் பல்லு போனப்போ யாராச்சும் வீட்டுக்கு வந்து எட்டிப் பாத்தீங்களா? இப்போ திருடன்னு சொல்றதுக்கு மட்டும் வரிசையா நிக்கறீங்க. இவரை எத்தனை வருஷமாத் தெரியும் உங்களுக்கு? ஒரு நாள், ஒரே ஒரு நாள், பொய் சொல்லிப் பாத்திருக்கீங்களா?”

ஆளாளுக்கு மறுபடி துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்து அவள் இன்னும் கொதித்தாள். டிரம்முக்குப் பின்னால் இருந்தவனைப் பார்த்தாள்.

“அங்க என்னடா தேடறே? முதுகெலும்பா?”

விசில் குறுக்கே வந்தார். “போதும்மா, போதும். ரைட். ஒரு ஆட்டம் ஆடட்டும். நான் பக்கத்துலயே நிக்கறேன். நீங்களும் மேல நின்னு பாருங்க. எல்லார் கண்ணும் ஒரே நேரத்துல பொய் சொல்லாது.”

அவளுக்கும் ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். இரும்புப் படி ஏறி, வலை கட்டிய மேடையில் போய் நின்றாள். கீழே அவன் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டான். அண்ணாந்து அவளைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். பார்க்கட்டும். எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும்.

ஆட்டம் தொடங்கியதும் கிடங்கு முழுக்க ஒரே கூச்சல். துப்பாக்கிகள் கரகரவென்று இரைந்தன. தகர டிரம்மில் குண்டு பட்டுத் தெறித்தது. யார் யாரோ “அவுட்” என்று கத்திவிட்டுத் தலைக்குமேல் கையோடு வெளியே நடந்தார்கள். அவன் ஒரு பலகைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிக் குறி பார்த்தான். எதிரே, பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம், தொப்பி.

அவள் பார்த்துவிட்டாள்.

தாடையில், ஸ்கார்ஃபின் நடுவில், ஒரு சின்னப் பள்ளம் விழுந்து உடனே எழுந்தது. தூசு பறந்தது. வெள்ளைக் குண்டு ஒன்று அவன் நெஞ்சில் உருண்டு கீழே விழுந்தது. அவன் கை மேலே போகவில்லை. குறியிலேயே நின்றான்.

அவள் வலையைப் பிடித்துக்கொண்டாள். கையைத் தூக்குங்க, என்று உள்ளுக்குள் சொன்னாள். இப்போகூடத் தூக்கலாம். தூக்குங்களேன்.

மறுபடியும் பட்டது. இந்தமுறை வாய்க்கு நேரே. அதே பள்ளம், அதே தூசு. அவன் நின்ற இடத்திலிருந்தே யாரையோ சுட்டான். சுடப்பட்டவன் மரியாதையாகக் கையைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஒரு வாரமாக யாருக்காக ஊசி ஒடித்தாள்? யாருக்காகத் தம்பியைக் குருடன் என்றாள்? முகம் மூடியிருக்கிற தைரியத்தில் கூசாமல் நிற்கிறானே. கேரம் ஆட்டமெல்லாம் வீட்டில் அவள் பார்க்கத்தானா?

விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். எல்லாரும் நடுவில் கூடினார்கள். அவளும் இறங்கி வந்தாள்.

“ரெண்டு” என்றார் விசில். “என் கண்ணால பாத்தேன்.”

“படல” என்றான் அவன். ஸ்கார்ஃபைக் கழுத்துக்கு இறக்கியிருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. “சத்தியமாப் படல. எல்லாரும் சேர்ந்து ஏன்யா இப்படிப் பண்றீங்க?” அவள் பக்கம் திரும்பினான். “நீ மேலதானே நின்னே. சொல்லு. நீயே சொல்லு.”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் கள்ளம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். அவள் தேடுவது அவனுக்கும் தெரிந்தது.

“பட்டுதுங்க” என்றாள். “ரெண்டு தடவை.”

அவன் ஓர் எட்டு பின்வாங்கினான். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படிப் பின்வாங்கியிருக்க மாட்டான். தொப்பி வேறு பக்கம் பார்த்தார். ஜெயித்தவர்போல இல்லை. தம்பி மட்டும், “அக்கா...” என்று இழுத்தான்.

அவன் கழுத்திலிருந்து ஸ்கார்ஃபை அவிழ்த்து அவள் கையில் திணித்தான். “நீ தெச்சது. நீயே வெச்சுக்கோ.”

கையில் வாங்கியதும் விரல்கள் தாமாகவே அதை அமுக்கிப் பார்த்தன. பட்டறைப் பழக்கம். ஃபோம் உள்ளே போய் மெதுவாக மேலே வந்தது. பின்னால் கம்பளி. அவள் இன்னொரு தடவை அமுக்கினாள். அந்தப் பக்கம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் விரலால் சுண்டினாள். உள்ளங்கைக்கு ஒன்றும் எட்டவில்லை.

ரோட்டில் இருக்கிற பள்ளம் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியக் கூடாது. அதற்குத்தானே அந்த ஃபோமையே செய்கிறார்கள்.

சட்டென்று ஸ்கார்ஃபைத் தன் முகத்தில் கட்டினாள். கண்ணாடி ஏற்கெனவே போட்டிருந்தாள்.

“தொப்பி சார், அங்க நின்னு சுடுங்க. இவர் வாயில அடிச்ச மாதிரியே.”

“என்னம்மா சொல்றீங்க?”

“பைத்தியமா உனக்கு?” என்றான் அவன். கோபத்திலும் ஓர் அடி முன்னால் வந்துவிட்டான்.

“போனா என் பல்லு. தள்ளுங்க. ஆட்டத்துல இருக்கற கூச்சல்ல சத்தம் கேக்காது. அதனால காதைப் பொத்திக்கறேன். கண்ணையும் மூடிக்கறேன். பட்டதும் கையைத் தூக்கறேன்.”

தொப்பி விசிலைப் பார்த்தார். விசில் தோளைக் குலுக்கினார். அவள் இரண்டு காதிலும் விரலை அடைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். காத்திருந்தாள். இன்னும் காத்திருந்தாள். இந்த மனுஷனுக்குச் சுடவும் தெரியாதா என்று எரிச்சல் வந்தது. காதிலிருந்து விரலை எடுத்தாள்.

“எவ்வளவு நேரம் சார்? சுடுங்க!”

கண்ணைத் திறந்தாள். எல்லாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா” என்றான் தம்பி. “சுட்டாச்சு. மூணு.”

அவள் காலருகே குனிந்து, அப்போதுதான் விழுந்த ஒரு குண்டை எடுத்துக் காட்டினான்.

அப்புறம் கிடங்கே சிரித்தது. “அட, இது முகமூடி இல்லப்பா, சோபா செட்டு!” என்றான் ஒருவன். “அதான் அண்ணன் செலை மாதிரி நின்னாரு” என்றான் இன்னொருவன். விசில் ஸ்கார்ஃபை வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் சில்லறைத் தகராறு தீர்ந்ததுபோலக் கையைத் தட்டினார். “ரைட், விஷயம் முடிஞ்சுது. உள்ளே இருக்கற பஞ்சை உருவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லுங்க. போலாம், அடுத்த ஆட்டம்!”

ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தார்கள். துப்பாக்கியில் குண்டு நிரப்பும் சத்தம் கேட்டது. தொப்பியும் திரும்பி நடந்தார்.

“எங்க போறீங்க எல்லாரும்?” என்றாள் அவள்.

குரல் தகரக் கூரையில் முட்டித் திரும்பியது. நின்றார்கள்.

“முதல்ல, பஞ்சை உருவ மாட்டேன். உருவினா பல்லு போகும். வெளிப்பக்கம் கெட்டியா ஒரு பிளாஸ்டிக் தகடு வெச்சுத் தெக்கறேன். பட்டா எந்தக் கூச்சல்லயும் காதுக்குக் கிட்ட டக்குனு கேக்கும், அவரே சொல்லுவாரு. அது என் வேலைல வந்த தப்பு, நான் சரி பண்ணிக்கறேன். உங்க வேலையை நீங்க பண்ணுங்க.”

“என்ன வேலை?” என்றார் தொப்பி. “பட்டது உண்மைதானேம்மா? நான் பொய் சொல்லலையே.”

“பட்டுதுன்னு சொன்னது உண்மை. ஏமாத்தறான்னு சொன்னது?”

தொப்பி தாடையைச் சொறிந்தார். “அது... தெரியாமச் சொன்னது.”

“அவரும் தெரியாமத்தான் நின்னாரு. அவருக்கு ஒரு வாரம் திருடன் பட்டம். ஒரு வாரம் அந்த மனுஷன் சோத்துல கை வெக்கல. உங்களுக்கு மட்டும் ‘ரைட், அடுத்த ஆட்ட’மா?”

விசில் தரையைப் பார்த்தார். தொப்பி துப்பாக்கியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“சரிப்பா. தப்பு என்னோடது.”

“துப்பாக்கிகிட்டச் சொல்றீங்க. அவரைப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். “தப்பா பேசிட்டேன். மன்னிச்சுக்கோ.” விசிலும் ஏதோ முனகினார். தம்பி ஓடி வந்து, “மாமா, நான்...” என்று கையைப் பிடித்தான். அவன் எல்லாருக்கும் சேர்த்து ஒரு முறை தலையாட்டினான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான்.

“ஆடலையா?” என்று அவள் பின்னாலேயே போனாள்.

“இல்ல.”

அவன் ஸ்கூட்டரை எடுத்தான், அவள் பின்னால் ஏறினாள். அவளுக்கு இன்னும் கொதிப்பு அடங்கவில்லை. தொப்பி இழுத்ததை, விசில் முனகியதை எல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவன் ‘ம்’ கூடக் கொட்டவில்லை. சிக்னலில் நின்றபோதுதான் வாயைத் திறந்தான்.

“அவனுங்க சொன்னது போகட்டும். நீ சொன்னியே.”

“பட்டுதுங்க. கண்ணால பாத்தேன். இல்லைன்னு எப்படிச் சொல்வேன்?”

“அதைச் சொல்லல. அதுக்கு முன்னாடி என்னைப் பாத்தே. திருடனைப் பாக்கற மாதிரி.”

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

“ஆமா” என்றாள். “அந்த நேரத்துக்கு நம்பிட்டேன்.”

சிக்னல் பச்சையானது. அவன் வண்டியை நகர்த்தி, கொஞ்ச தூரம் போய், ஓரமாக நிறுத்தினான். பின்னால் வந்த லாரிக்காரன் திட்டிவிட்டுப் போனான். என்ஜினை அணைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“எல்லார்கிட்டயும் எனக்கு மன்னிப்பு வாங்கிக் குடுத்தே.”

அவ்வளவுதான் சொன்னான். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் பின்சீட்டிலிருந்து இறங்கினாள். வண்டியைச் சுற்றி வந்து அவன் முன்னால் நின்றாள். பக்கத்தில் பழுதான ஒரு காரைத் தள்ளிக்கொண்டிருந்த இருவர் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

“தப்புங்க” என்றாள். “என்ன ஆச்சுன்னு உங்களைக் கேட்டிருக்கணும். கேக்காம அப்படிப் பாத்துட்டேன்.”

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

“ஏறு.”

குரலில் கோபம் அப்படியே இருந்தது. அது அவ்வளவு சீக்கிரம் போயிருந்தால்தான் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஏறி உட்கார்ந்தாள்.